வெள்ளை பெல்ட் டீச்சர்

முதல் நாள் அவர் வாசலில் வந்து நின்றபோது, யாரோ ஒரு பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கும் பெரியம்மா என்றுதான் நினைத்தேன்.

ஜோகூரின் தெப்ராவில், எங்கள் தாமான் குடியிருப்பின் பொது மண்டபத்தில் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஐந்தரைக்கு நான் கராத்தே வகுப்பு நடத்திக்கொண்டிருந்த காலம் அது. காலையில் தொழிற்சாலை வேலை. அங்கே போட்ட நீலச் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சீருடையும் கறுப்பு பெல்ட்டுமாக மண்டபத்துக்கு ஓடி வருவேன். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பார்க்க இன்னும் சின்னவளாகத் தெரிவேன். புதிதாக வரும் பெற்றோர் என்னிடமே வந்து, மாஸ்டர் எங்கே என்று கேட்பார்கள்.

அவர் அப்படிக் கேட்கவில்லை. என் இடுப்பு பெல்ட்டைப் பார்த்துவிட்டு நேராக வந்து, "நீங்கதான சொல்லிக் குடுக்கிறது?" என்றார்.

அந்தக் குரல் காதில் விழுந்ததும் என் கைகள் இரண்டும் தாமாகவே மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டன. பொந்தியான் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டில் எனக்கு வகுப்பாசிரியையாக இருந்தவர் அவர். "வ...ண...க்கம் டீச்சர்" என்று பள்ளிக்கூட ராகத்திலேயே சொல்லிவிட்டேன். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "உங்க அப்பா செம்பனைக் குலை வெட்டுனவருதானே?" என்றார். ஆமாம் என்றேன். யாரைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். தன்னைத்தான் என்றார்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. ஜோகூர் பாருவில் ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் தாமானில் அவரைத் தெரியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிரம்பு என்றால் டீச்சர், டீச்சர் என்றால் பிரம்பு. அவர் கார் தெருமுனையில் திரும்பினால் மூன்று பிள்ளைகளைப் பெற்ற ஆண்கள்கூடச் சிகரெட்டைக் கீழே போட்டுவிடுவார்கள்.

ஏன் கராத்தே என்று ஊரே யோசித்தது. சந்தையில் யாரோ மோட்டார் சைக்கிளில் வந்து அவர் கைப்பையைப் பறித்துவிட்டார்கள், அதனால்தான் என்றார்கள் சிலர். முட்டிவலிக்கு டாக்டர் சொல்லியிருப்பார் என்றார்கள் சிலர். நானும் கேட்கவில்லை. அவரிடம் ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை.

அடுத்த வகுப்புக்குப் புதுச் சீருடையும் புதியவர்கள் கட்டும் வெள்ளை பெல்ட்டுமாக வந்தார். கால்சட்டை நீளமாக இருந்ததால் இரண்டு மடிப்பு மடித்திருந்தார். நான் முன்னாலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே போட்டு வைத்திருந்தேன். அவர் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், சுவரோரம் அடுக்கியிருந்த மற்ற நாற்காலிகளின் மேல் கவிழ்த்துவிட்டு வரிசையைப் பார்த்தார். எங்கள் வகுப்பில் பெல்ட் உயர்ந்தவர் வலப்பக்கம், புதிதாகச் சேர்ந்தவர் இடது கோடியில். இடது கோடியில் தர்ஷினி என்ற ஏழு வயதுச் சிறுமி நின்றிருந்தாள். சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"நீங்க எனக்கு முன்னாடி சேந்தவங்களா?" என்று அவளிடம் கேட்டார் டீச்சர்.

தர்ஷினி பயந்துபோய்த் தலையாட்டினாள். டீச்சர் அவளுக்கு இடப்பக்கம் போய் நின்றுகொண்டார். அந்தப் பிள்ளையை அதுவரை யாரும் நீங்க என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அன்று முழுக்க அவள் முதுகு வளையாமல் நின்றாள்.

எங்களிடம் மரியாதை என்பதற்குச் சில வழக்கங்கள் உண்டு. உள்ளே நுழையும்போதும் வெளியே போகும்போதும் குனிந்து வணங்குவது, சொல்லிக் கொடுப்பவரை சென்சே என்பது, சொன்னது புரிந்தால் 'ஓஸ்' என்று சத்தமாகப் பதில் சொல்வது. பிள்ளைகள் இதை விளையாட்டு போலச் செய்வார்கள். டீச்சர் செய்தபோது எனக்குத்தான் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசாரில் மீன் கடைக்கு முன்னால் எதிர்ப்பட்டார். ஒரு கையில் கெம்போங் மீன் பை, இன்னொரு கையில் கீரைக்கட்டு. அப்படியே நின்று, குனிந்து, "ஓஸ், சென்சே" என்றார். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சென்சே என்றால் என்ன அர்த்தம் என்று ஒருநாள் ஒரு பையன் கேட்டான். முன்னால் பிறந்தவர் என்று அர்த்தம் என்றேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் கையைத் தூக்கி அனுமதி வாங்கிக்கொண்டு, "கராத்தேயில நான் பொறந்து ரெண்டு மாசந்தான் ஆவுது" என்றார்.

அவர் எனக்குச் செய்த உதவி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். டயர்க் கடை வைத்திருந்த ஒருவர், தம் மகனைக் கூட்டிப்போக எப்போதும் பத்து நிமிடம் முன்பே வந்துவிடுவார். செருப்போடு வாசலில் நின்றபடி, "ஏம்மா, பையன அனுப்பு லா, நேரமாச்சு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பிவிடுவேன். பெண் பிள்ளை, தோட்டத்திலிருந்து வந்தவள், தொழிற்சாலையில் வேலை செய்பவள். என்னை மதிக்காமலிருக்க அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

டீச்சர் சேர்ந்த இரண்டாவது வாரமும் அவர் அப்படியே கூப்பிட்டார். டீச்சர் வரிசையிலிருந்து கையைத் தூக்கினார். தலையசைத்தேன். என் முன்னால் வந்து குனிந்து நிமிர்ந்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற தலைமையாசிரியைக் குரலில், "சென்சே, வாசல்ல ஒருத்தர் பையன அனுப்ப உங்ககிட்ட அனுமதி கேக்குறாரு. அனுப்பலாமா?" என்றார்.

டயர்க் கடைக்காரர் அப்போதுதான் அவரைக் கவனித்தார். முகம் வெளுத்துவிட்டது. செருப்பைக் கழற்றினார். வகுப்பு முடியட்டும் என்று மெல்லச் சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். அந்த வாரத்திலிருந்து பெற்றோர் எல்லோரும் என்னை சென்சே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் ஐந்து வருடம் கறுப்பு பெல்ட் கட்டியும் கிடைக்காதது அது.

இவ்வளவு செய்தவருக்கு நான் திருப்பிச் செய்தது என்ன என்று பார்த்தால், அவரைத் திருத்தாமல் விட்டதுதான்.

மற்றவர்களிடம் நான் கண்டிப்பானவள். கால் அகலம் தவறினால் என் காலாலேயே தள்ளி நிறுத்துவேன். டீச்சரிடம் வரும்போது மட்டும் நடையை வேகப்படுத்தி, "நல்லா இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுவேன். நல்லா இல்லை. பின்கால் குதிகால் தரையிலிருந்து எழும்பும். தோள் காதைத் தொடும். எல்லாவற்றையும் விட, குத்து விடும்போது கண்ணை மூடிக்கொள்வார். எதிரே ஆள் நின்றால் மூக்கு போய்விடும். தெரிந்துகொண்டேதான் சொல்லவில்லை. எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரின் காலை என் காலால் எப்படித் தள்ளுவேன்?

ஒருமுறை அவரே, "சென்சே, என் கால் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

சரியாக இருக்கிறது என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தர்ஷினி பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார். "கோணலா இருக்கு டீச்சர்" என்றது அந்தக் குட்டி. டீச்சர் அவளுக்கு நன்றி சொல்லிக் குனிந்தார். வகுப்பு முடிந்ததும், மளிகைக் கடையில் கிடைக்கும் உள்ளங்கை அகல நோட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து அதை எழுதி வைத்துக்கொண்டார். தேதி போட்டு, தவறு என்ன, சொன்னவர் யார் என்று எழுதுவார். பிறகொரு நாள் அந்த நோட்டைப் பார்த்தேன். பக்கம் பக்கமாகத் தர்ஷினி பெயர்தான் இருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை குளுவாங்கிலிருந்து எங்கள் பெரிய சென்சே தேர்வு நடத்த வருவார். எனக்குக் கராத்தே சொல்லிக் கொடுத்த சீனர் அவர். எழுபது வயதிலும் ஒல்லியாக, நேராக இருப்பார். மேல் பெல்ட்டுகளுக்கு அவரே மதிப்பெண் போடுவார், கீழ் பெல்ட்டுகளை எங்களை நம்பி விட்டுவிடுவார். டீச்சர் மஞ்சள் பெல்ட்டை எப்படியோ தாண்டினார். பச்சை பெல்ட் தேர்வில் தடுமாறிவிட்டார். காத்தா என்பது அடியும் தடுப்புமாக இருபது அசைவுகளை வரிசை மாறாமல் செய்து காட்டுவது. எட்டாவது அசைவில் டீச்சர் தப்பான பக்கம் திரும்பினார். எல்லோரும் வாசலைப் பார்த்து நிற்க அவர் ஒருவர் மட்டும் சுவரைப் பார்த்து நின்றார். அங்கேயே, எதுவும் நினைவுக்கு வராமல், கையை இறக்கினார்.

நான் தாளில் தேர்ச்சி என்று எழுதினேன். பெரிய சென்சே அந்தப் பக்கம் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டீச்சர் மஞ்சள் பெல்ட்டையே கட்டிக்கொண்டு வந்தார். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போகும் வரை காத்திருந்து, பச்சை பெல்ட்டைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் என் முன்னால் வைத்தார். இரண்டு கையாலும்தான் வைத்தார்.

"இது எனக்கு எதுக்குக் குடுத்தீங்க?"

வயதுக்கு நீங்கள் செய்ததே பெரிது என்று என்னவோ சொன்னேன்.

"எனக்கு வயசாச்சுன்னு சொல்லத்தான் வீட்டுல கண்ணாடி இருக்கே" என்றார். கோபப்படவில்லை. தரையில் விரித்த ரப்பர் பாயில் மெல்ல உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். பிறகு அவர் பேசியது எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது.

"முப்பத்தஞ்சு வருஷம் மத்தவங்கள திருத்தினேன். என்னைத் திருத்த யாரும் இல்ல. தலைமையாசிரியை ஆனப்புறம் கீழ இருக்கிறவங்க யாரு வாயத் தொறப்பா? வீட்டுக்காரரு சொல்லுவாரு, நீ பேசுறது சரியில்லன்னு. அவரும் போய் நாலு வருஷமாச்சு. பிள்ளைங்க, சரிம்மா சரிம்மான்னு போன வச்சிடுறாங்க. நான் சொல்றது சரியா தப்பான்னு எனக்கே தெரியாம போச்சு. எங்கியாவது போய் நின்னா, ஒருத்தர் இது தப்புன்னு சொல்லணும்னு இருந்திச்சு. அதுக்குத்தான் இங்க வந்தேன். நீங்களும் எனக்கு நாற்காலி போட்டு உக்கார வச்சிட்டீங்க."

பெரிய சென்சேக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அவர் எதிரிலேயே போன் செய்தேன். பெரிய சென்சே மலாயிலும் ஆங்கிலத்திலுமாகப் பத்து நிமிடம் என்னைத் திட்டினார். பொய்யாக ஒரு பெல்ட் கொடுத்தால், அதே பெல்ட்டை வியர்வை சிந்தி வாங்கியவர்கள் அத்தனை பேரையும் அவமதித்தது போல என்றார். அடுத்த தேர்வில் டீச்சரின் முடிவை நான் தம் முன்னால் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து டீச்சரைத் திருத்தினேன். முதல் தடவை என் காலால் அவர் காலைத் தள்ளி நிறுத்தினேன். "ஓஸ்" என்றார் அவர். கண்ணைத் திறவுங்கள் என்று கத்தினேன். "ஓஸ்." திறக்கவில்லை. மறுபடியும், மறுபடியும் என்று நாற்பது தடவை குத்து விடச் சொன்னேன். வியர்வையில் அவர் நெற்றிப்பொட்டு கரைந்து மூக்கில் வழிந்தது. வகுப்பு முடிந்து நோட்டை எடுத்து எழுதியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, பெல்ட் வாங்கிய பிள்ளைகள் முகத்தில்கூட நான் கண்டதில்லை.

அடுத்த தேர்விலும் அவர் கண்ணை மூடினார். பெற்றோர் எல்லாம் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பெரிய சென்சே என் முகத்தைப் பார்த்தார். "இல்லை" என்று சத்தமாகச் சொன்னேன். டீச்சர் குனிந்து வணங்கிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

செய்தி தாமான் முழுக்கப் பரவியது. என் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், எழுத்தறிவித்தவரையே தோற்கடித்தவள் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. டீச்சரின் மகள் மெர்சிங்கில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அந்த மகள் எனக்குப் போன் செய்தார்.

"அறுபது வயசுக்கு மேல ஒருத்தங்கள எல்லாரு முன்னாலயும் ஃபெயில்னு சொல்றதுதான் உங்க கராத்தேல சொல்லிக் குடுக்கிற மரியாதையா? உங்களுக்கு அவங்க டீச்சர்தான?"

ஆமாம், அதனால்தான் என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. போனை வைத்துவிட்டார்.

அந்த மகளை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, இரண்டு வருடத்துக்கு முன்னால், டீச்சர் இறந்த வீட்டில். பச்சை பெல்ட்டை மூன்றாவது தேர்வில் ஒழுங்காக வாங்கி, ஊதா பெல்ட் வரைக்கும் வந்த பிறகு, முட்டி ஒத்துழைக்காமல் டீச்சர் மெர்சிங்குக்கே போய்விட்டிருந்தார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி மாதங்களில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்த மருத்துவமனைப் பெண்ணை அம்மா படுத்தியதைச் சொன்னார். அந்தப் பெண் எதற்கெடுத்தாலும் வெரி குட் ஆன்ட்டி என்பாளாம். வெரி குட் வேண்டாம், எங்கே தப்பு என்று சொல் என்று இவர் பிடிவாதம் பிடிப்பாராம். அழுதுகொண்டிருந்த மகள் அதைச் சொல்லும்போது சிரித்துவிட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. அவர் இரண்டாவது தேர்வில் தோற்றதற்கு அடுத்த மாதம்.

வகுப்பு முடிந்ததும் பாய்களைத் தூசு தட்டி அடுக்குவது கீழ் பெல்ட்டுகளின் வேலை. பிள்ளைகள் ஏமாற்றிவிட்டு ஓடிவிடுவார்கள். டீச்சர் மட்டும் தவறாமல் செய்வார். அன்று நானும் ஒரு பக்கம் பிடித்தேன். பாய்களைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "டீச்சர், ஒண்ணு திருத்தணும். கராத்தே இல்ல" என்றேன். இருபது வருடமாகத் தொண்டையில் இருந்தது அது. இவ்வளவு திருத்தியாகிவிட்டது, இனி இதையும் சொல்லலாம் என்று தோன்றியது.

நான்காம் ஆண்டில் 'நான் ஒரு குடை' என்று கட்டுரை எழுதச் சொன்னார். எல்லோரும், என் பெயர் குடை, நான் தொழிற்சாலையில் பிறந்தேன் என்று எழுதினோம். நான் அதற்கு மேல் கொஞ்சம் எழுதினேன். டீச்சர் படித்துவிட்டு என்னை வகுப்புக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். யாரைப் பார்த்து எழுதினாய், எந்தப் புத்தகம் என்று கேட்டார். நானேதான் எழுதினேன் என்றேன். பொய் வேறு சொல்கிறாயா என்று அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டார். ஓய்வு மணி அடிக்கும் வரை வாசலில் நிற்கவைத்தார். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவும் அடிப்பார். ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியவர் அவர்.

நான் சொல்லி முடித்தேன். டீச்சர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு, நினைவில்லை என்றார். இருபது வருடம் நான் சுமந்தது அவருக்கு நினைவில்கூட இல்லை.

"என்ன எழுதியிருந்தீங்க? ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருந்தது. வாசலில் நின்ற நேரம் முழுக்க அதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், மறக்குமா? சொன்னேன். என் முதலாளி என்னைக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டார். மழை வந்தால் மட்டும் என்னைத் தேடுவார். வெயில் நாளில் அவருக்கு என் நினைவு வருவதில்லை. ஆனாலும் நான் கதவு இடுக்கு வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கறுத்தால் எனக்குச் சந்தோஷம். இப்படிப் போகும் அது.

அவர் கேட்டு முடித்தார்.

"பத்து வயசுல இத நீ எழுதினியா?" என்றார். கராத்தேயில் சேர்ந்த பிறகு என்னை அவர் நீ என்றது அந்த ஒரு தடவைதான். பிறகு, "தப்பு பண்ணிட்டேன்" என்றார். அவ்வளவுதான். வேலை அதிகம், பிள்ளைகள் அதிகம், அந்தக் காலம் அப்படி என்று ஒரு காரணமும் சொல்லவில்லை.

எனக்கு அது போதும். அவருக்குப் போதவில்லை. அன்று வகுப்பில் இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டார். சின்னத் தோட்டப் பள்ளி, என்னையும் சேர்த்துப் பதினேழு பேர். பழைய மாணவர்கள் வாட்சாப் குழு ஒன்று இருக்கிறது என்றேன். அவர் யாரிடம் எதைச் சொல்லப்போகிறார் என்று புரிந்ததும் பதறிப்போய், வேண்டுமானால் அந்தக் குழுவில் ஒரு வரி எழுதினால் போதும் என்றேன்.

"அன்னிக்கு எல்லாரு மூஞ்சிக்கு முன்னாலயும் பொய்னு வாயால சொன்னேன்ல? அத எழுத்துல போட்டா திருத்துனதாவாது. நம்பர் குடுங்க சென்சே" என்றார்.

ஒவ்வொருவராகப் போன் செய்தார். எனக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்பவன், கூலாயில் முடி திருத்தும் கடை வைத்திருப்பவள், குவாந்தானில் கல்யாணமாகிப் போனவள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: டீச்சருக்கு என்ன ஆயிற்று, உடம்பு சரியில்லையா? பாதிப் பேருக்கு அந்தக் கட்டுரையே நினைவில்லை. நினைவில்லாதவர்களுக்கும் டீச்சர் நடந்ததை முதலிலிருந்து சொல்லி, அவள் சொந்தமாக எழுதியது, நான் பொய் என்று சொன்னது தப்பு என்று முடித்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் பிறகு, அந்த வாசலில் நின்ற பத்து வயதுப் பிள்ளையின் கால் வலி கொஞ்சம் குறைந்தது போலவும் இருந்தது.

பத்தாவதாகக் கூப்பிட்டவன் லாரி ஓட்டுநர். வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரன். பாசீர் கூடாங் போகும் சாலையில் ஓரமாக லாரியை நிறுத்திவிட்டுப் பேசினான். இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

"டீச்சர் கூப்ட்டாங்க. லாரிய நிறுத்தி, எறங்கி, நின்னுக்கிட்டே பேசினேன்" என்றான். "நீ சொந்தமா எழுதினதுன்னு சொன்னாங்க. எனக்கு அப்பவே தெரியும் டீச்சர்னு சொன்னேன். நீ எழுதுறத நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன்ல."

அது எனக்கே புதிய செய்தி.

"அப்ப ஏன் சொல்லலன்னு கேட்டாங்க. உங்கமேல பயம் டீச்சர்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்ல. லைன் போயிருச்சுன்னு நெனச்சேன். அப்புறம் நன்றின்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா?"

சொன்னது சரிதான் என்றேன். பின்னால் ஏதோ வண்டி ஹார்ன் அடித்தது. சரக்கு இறக்க வேண்டும் என்று வைத்துவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் வழக்கத்தை விட முன்னதாக வந்து மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த லாரி ஓட்டுநர் என்னைக் கூப்பிட்டதைச் சொன்னேன். தலையாட்டினார்.

"நான் உள்ள வந்தா நாப்பது பிள்ளைங்களும் டக்குனு எந்திரிச்சு நிப்பாங்க. அத்தன வருஷமும் அத மரியாதைன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

இல்லை டீச்சர், அது மரியாதைதான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவருக்கு நான் பழையபடி நாற்காலி போடக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். எதிரே திடலில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். டயர்க் கடைக்காரர் மகனை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டுப் போனார்.

சற்று நேரம் கழித்து டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியை எடுத்தார்.

"இன்னும் எத்தன பேரு பாக்கி?"

"ஆறு பேரு டீச்சர்."

"சொல்லுங்க" என்றார்.